மெஹ்ஜபின் அக்கா விழுங்கிய ‘நான்’

மெஹ்ஜபின் அக்காவைச் சாது என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்புதான் வரும். பனியன் கம்பெனியில் அயர்ன் செக்ஷனுக்குப் பதினெட்டு வருஷம் சூப்பர்வைசராக இருந்தவர். முப்பது ஆண்களை ஒரே அதட்டலில் அடக்கிவைத்தவர். அதில் பாதிப் பேர் பீகார், ஒடிசாப் பக்கத்து ஆட்கள். அக்கா வீட்டில் உருது பேசுவார்கள் என்பதால் இந்தி அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு.

அயர்ன் மேஜையில் தினமும் ஒரே சண்டை நடக்கும். பனியனில் மஞ்சளாகக் கருகல் விழுந்தால் தேய்த்தவன் “ஜல் கயா” என்பான். தானாகக் கருகிவிட்டதாம். அக்கா விடமாட்டார். “ஜல் கயா இல்ல, ஜலா தியா” என்பார். தானாகக் கருகவில்லை, நீதான் கருக்கினாய் என்று அர்த்தம். அவன் தலையைக் குனிந்து “ஜலா தியா” என்று சொல்லும்வரை நகரமாட்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பேக்கிங் லிஸ்ட் டைப் அடிப்பேன். எனக்குத் தெரிந்த இந்தியெல்லாம் அங்கே காதில் விழுந்ததுதான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அனுப்பர்பாளையத்தில் ஒரு பயிற்சி மையம் திறந்தார்கள். ஜார்க்கண்ட் காட்டுப் பகுதியில், ஊரைக் காப்பாற்றுகிறோம் என்று துப்பாக்கி தூக்கிய குழு ஒன்று இருந்தது. தூக்கச் சொன்ன பெரிய மனிதர்களே பிறகு கீழே வைக்கவும் சொன்னார்கள். வைத்தவர்களுக்கு அரசாங்கச் செலவில் ஆறு மாதம் சாப்பாடு, தங்க இடம், தையல் பயிற்சி, கடைசியில் பனியன் கம்பெனியில் வேலை. நல்ல திட்டம்தான், நான் குறை சொல்லமாட்டேன். ஆரம்பத்தில் “அந்தப் பக்கம் போகாதீங்க” என்று ஊரைப் பயமுறுத்திய முதலாளிகள்கூட, ஆள் பற்றாக்குறை வந்ததும், “இன்னும் பத்துப் பேர் கிடைப்பாங்களா?” என்று கேட்டு வந்து நின்றார்கள்.

அக்காவை அங்கே மொழிபெயர்க்கக் கூப்பிட்டார்கள். டைப் அடிக்க ஆள் வேண்டும் என்று அவர் என்னையும் இழுத்துக்கொண்டு போனார். வேலை எளிது. வந்தவர் தன் கதையை இந்தியில் சொல்வார், அக்கா தமிழில் சொல்வார், நான் அடிப்பேன். முதல் நாள் அக்கா, “பதினாறு வயசுல குழுவுல சேந்தேன்னு சொல்றாருங்க” என்று ஆரம்பித்தார். அதிகாரி தமிழ்செல்வன் கையைக் காட்டி நிறுத்தினார்.

“அவரு சொல்றாருன்னெல்லாம் வேண்டாங்கம்மா. வாக்குமூலம் பாருங்க, ‘நான்’னே சொல்லிருங்க. அவரு வாயி மாதிரி நெனச்சுக்குங்க.”

அக்கா அப்படியே நினைத்துக்கொண்டார். அதுதான் வினை. ஐம்பத்து மூன்று வயது, நூல் கடைக்கார ஜமால் பாயின் மனைவி, ரேஷன் கடை வரிசையில்கூட யாரையும் முந்தாதவர், என் எதிரில் உட்கார்ந்து “நான் ரெண்டு பேரச் சுட்டேனுங்க” என்று சொல்லிவிட்டு மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். எனக்கு விரல் ஓடவில்லை.

நாற்பது வாக்குமூலம் ஆனபோது அக்காவின் நடையே மாறியிருந்தது. காட்டில் வரிசையாகப் போகும்போது முன்னால் போகிறவர் கால் வைத்த இடத்தில்தான் பின்னால் வருகிறவர் கால் வைக்க வேண்டும், மண்ணுக்கு அடியில் குண்டு புதைத்திருப்பார்கள் என்று பலர் சொல்லியிருந்தார்கள். மழை பெய்த ஒரு நாள் கேன்டீனுக்குப் போகும் மண் பாதையில் நான் திரும்பிப் பார்த்தேன். அக்கா என் செருப்புத் தடத்தில் ஒவ்வொரு காலாக எடுத்துவைத்து வந்துகொண்டிருந்தார். கேலி செய்யலாம் என்று வாயைத் திறந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன். இன்னொரு நாள் சாப்பிடும்போது, “நாங்க தாண்டுன ஆத்துல தண்ணி இடுப்பு வரைக்கும் இருந்துச்சு, ராணி” என்றார். அக்கா கோயம்புத்தூருக்கு அந்தப் பக்கம் போனதில்லை.

எத்வா வந்தது அந்தச் சமயத்தில்தான். முப்பது வயது இருக்கும். ஞாயிற்றுக்கிழமை பிறந்ததால் அந்தப் பெயராம். ஓவர்லாக் மிஷினில் அவ்வளவு சுத்தமான கை. மனைவி சுக்மணியும் நாலு வயது மகளும் ஊரிலிருந்து வந்து, பக்கத்தில் லைன் வீட்டில் ஓர் அறை எடுத்திருந்தார்கள். அவனுக்குக் கடைசி வாக்குமூலம் ஒன்றுதான் பாக்கி. அது முடிந்தால் சான்றிதழ், வேலை.

திட்டத்தில் ஒரு விதி உண்டு. சண்டையில் சுட்டவன் வரலாம். ஆயுதமில்லாதவரைக் கொன்றவன் வரக்கூடாது. அப்படித் தெரிந்தால் ஃபைல் அவன் ஊர்ப் போலீசுக்குப் போகும், பின்னாலேயே அவனும் போவான். எத்வாவுக்கும் இது தெரியும். எல்லோருக்கும் முதல் நாளே அக்காதான் படித்துச் சொல்வார்.

அன்று தமிழ்செல்வன் வழக்கமான கேள்விகளை முடித்துவிட்டார். “வேறென்னவாச்சும் சொல்லோணுமான்னு கேளுங்க” என்றார். யாரும் அதற்கு எதுவும் சொன்னதில்லை. எத்வா பேச ஆரம்பித்தான். மெதுவாக, மேஜையைப் பார்த்துக்கொண்டே பேசினான். எனக்குப் புரிந்தது இரண்டு சொல். “ஜலா தியா.”

தமிழ்செல்வன் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

“ஊடு எரிஞ்சு போச்சுங்க” என்றார் அக்கா. “உள்ள ஒரு வயசான அம்மா இருந்தாங்க.”

அதில் ‘நான்’ இல்லை. அத்தனை வாக்குமூலங்களில் அவர் அதைச் சொல்லாமல் விட்டது அதுதான் முதல் தடவை. ஒரு பனியன் கருகினால்கூட ‘ஜல் கயா’வை ஒப்புக்கொள்ளாத மனுஷி! நான் அக்காவைப் பார்த்தேன். அவர் என் கீபோர்டைப் பார்த்தார். ‘வீடு எரிந்தது’ என்று அடித்தேன். ‘எரித்தேன்’ என்று அடிப்பதற்கும் அதே நேரம்தான் ஆகியிருக்கும்.

“அச்சோ. தீ யாரு வெச்சதுன்னு தெரியுமாமா?” என்றார் தமிழ்செல்வன்.

அக்கா எத்வாவிடம் இந்தியில் ஏதோ கேட்டார். ‘பேட்டி’ என்ற சொல் மட்டும் எனக்குப் புரிந்தது. மகள். அவன் வாயை மூடிக்கொண்டான்.

“தெரியலைங்கறாருங்க.”

தாளில் எத்வா கையெழுத்துப் போட்டான். அடுத்த வாரம் சான்றிதழ் வந்தது. அதை வாங்கியவன் ஓடிப்போய்த் தமிழ்செல்வன் காலில் விழுந்து, தேம்பித் தேம்பி என்னவோ சொன்னான். அவர் பதறிப்போய் அவனைத் தூக்கிவிட்டு, “என்னங்கம்மா சொல்றாரு?” என்று கேட்டார்.

“வேலைக்கு நன்றி சொல்றாருங்க.”

வெளியே வந்ததும் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். “‘எல்லாத்தயும் கேட்டுட்டும் என்னய மன்னிச்சுட்டீங்களே’ங்கறான், ராணி. நான் அப்படியே சொல்லிட்டேன்னு நெனச்சுட்டு இருக்கறான்.”

அதற்குப் பிறகு எத்வாவைப் பார்க்க வேண்டுமே. மையத்துக்குப் பக்கத்துக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, மிஷினில் உட்கார்ந்து பாடுவான். மகளைத் தோளில் வைத்துக்கொண்டு சந்தைக்குப் போவான். எட்டு வருஷமாகத் தொண்டையில் கிடந்ததை அரசாங்கத்தின் முன்னால் துப்பிவிட்டு, அரசாங்கமே பரவாயில்லை என்று சொன்ன மாதிரி திரிந்தான். அக்காவைக் கண்டால் கும்பிடுவான். அக்கா வேறு வழியாகச் சுற்றிப் போவார்.

ஜமால் பாய் ஒரு நாள் மையத்துக்கே வந்து என்னிடம் முறையிட்டார். “உங்கக்கா ஊட்டப் பூட்டாமயே வேலைக்கு வந்தர்றாங்கம்மா. நான் மத்தியானம் போனா அப்பிடியே தொறந்து கெடக்குது. கேட்டா அழுகறா.” நான் அக்காவிடம் போய்ச் சத்தம் போட்டேன். திருட்டுப் பயம் இருக்கிற தெருவில் இப்படியா என்று கேட்டேன்.

“பூட்ட முடியல, ராணி. உள்ள அந்தம்மா இருக்கறாங்க.”

“எந்தம்மா?”

“தீ வெக்கறதுக்கு முன்னால வெளிய தாழ்ப்பாள் போட்டானாம். அதயும் சொன்னான். நான் அதயும் விட்டுட்டேன். அவன் வாயில இருந்து வந்துருச்சு, பேப்பர்ல ஏறல. அப்பறம் எங்க போகும்? எங்கிட்டத்தான இருக்குது.”

எனக்கு அக்கா மேல் அன்பும் உண்டு, அன்று ஆத்திரமும் வந்தது. ‘அந்தக் குழந்தைக்காகத்தான் செய்தீர்கள், அல்லா பார்த்துக்கொள்வார், வாயை மூடிக்கொண்டு இருங்கள்’ என்று சொன்னேன். நான் சொன்னதை அவர் கேட்கவில்லை. சனிக்கிழமை சம்பளம் வாங்கி வந்த எத்வாவைக் கம்பெனி கேட் அருகில் நிறுத்தி, உண்மையைச் சொல்லிவிட்டார். நான் தூரத்தில் நின்று பார்த்தேன். அவன் கோபப்படவில்லை. சம்பளக் கவரை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டே இருந்தான். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டானாம். “அப்படியென்றால் நான் சொன்னதை யாருமே கேட்கவில்லையா?”

திங்கட்கிழமை எத்வா வேலைக்கு வரவில்லை. செவ்வாய்க்கிழமை, அவன் ஜார்க்கண்ட் ரயில் ஏறியதாக லைன் வீட்டில் இருப்பவர்கள் சொன்னார்கள். ஊர்ப் போலீசில் போய்ச் சொல்லத்தான் போகிறான் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். மனைவியிடம் எதுவும் சொல்லவில்லை. சம்பளக் கவர் பிரிக்காமல் தலையணைக்கு அடியில் இருந்தது. போன் அணைந்தே கிடந்தது.

பத்து நாள் கழித்துச் சுக்மணி மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு மையத்துக்கு வந்தாள். கண் வீங்கியிருந்தது. அக்காவின் எதிரில் நின்று கேட்டாள். அவள் கேட்டது எனக்கே புரிந்தது. அவருக்கு வாயாக இருந்தது நீங்கள்தானே, கடைசி நாளில் அந்த அறையில் அவர் என்ன சொன்னார், என்னையும் மகளையும் விட்டுப் போகும்படி என்ன சொன்னார்?

அக்கா எழுந்து நின்றார். சொல்லிவிடுவது என்று முடிவு செய்துவிட்டார் என்பது முகத்திலேயே தெரிந்தது. ஆனால் அந்த அறையில், அந்த நாற்காலிக்கு முன்னால், அவர் காதில் இந்தி விழுந்தால் வாயில் தமிழ்தான் வரும். பழகிப்போன வாய்.

“நான் வெளிய தாழ்ப்பாள் போட்டேன்” என்றார். “உள்ள அந்தம்மா இருந்தது எனக்குத் தெரியும். கூப்புட்டாங்க. என் பேரச் சொல்லிக் கூப்புட்டாங்க. நான்தான் எரிச்சேன்.”

தமிழில் சொல்கிறோம் என்பதே அக்காவுக்குத் தெரியவில்லை. சுக்மணி, புரியாத பாஷையைக் கேட்கிறவர்கள் செய்வதுபோல, மரியாதையாகத் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டாள். முடிந்ததும் என் பக்கம் திரும்பினாள். “தீதி க்யா போலீ?” அக்கா என்ன சொன்னார்?

அதைச் சொல்ல எனக்கு இந்தி தெரியாது என்று நீங்கள் நினைக்கலாம். தெரியும். ‘ஜலா தியா’ என்ற இரண்டு சொல் போதும். அந்தக் குழந்தை என் மேஜை மேல் இருந்த ஸ்டாப்ளரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது.

“அச்சா ஆத்மி” என்றேன். நல்ல மனுஷன்.

சுக்மணியின் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. அக்காவின் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதாள். அக்கா கையை இழுத்துக்கொள்ளவில்லை. என்னைத்தான் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.

“இப்ப நீயும் சேந்துட்டயே, கண்ணு” என்றார்.