ஆன்டெனாவில் காய்த்த காராமணி

ஜாவாவில், கிளாத்தன் நகரத்துப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் ஆன்டெனா திருப்புவதற்கென்றே ஒருவர் இருந்தார். பெயர் சுகிமான்; ஊருக்கு அவர் ‘பாக்’, அதாவது ஐயா. கூரைமேல் மூங்கில் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு "இப்ப?" என்று கத்துவார். கீழேயிருந்து "இன்னும் பூச்சி பறக்குது!" என்று பதில் வரும். படம் தெளிந்ததும் காப்பியும் பொரித்த வாழைப்பழமும் கிடைக்கும். மனைவி இறந்துபோன பிறகு அவர் நாலு பேரோடு உட்கார்ந்து சாப்பிட்டதெல்லாம் இந்தத் தயவில்தான்.

டிஜிட்டல் ஒளிபரப்பு வருகிறது, டிவியில் மாட்ட வீட்டுக்கொரு பெட்டி தருவார்கள் என்று செய்தி வந்தது. பெட்டி வந்தபின் ஆன்டெனா எதற்கு என்று ஊர் கூட்டம் போட்டு ஒருமனதாக முடிவு கட்டியது. பழைய ஒளிபரப்பு நின்ற அன்றே சுகிமான் மூக்கைச் சிந்திக்கொண்டு ஊரிலிருந்த பதினோரு ஆன்டெனாவையும் கழற்றி, தன் கொல்லையில் நட்டு, காராமணி விதை போட்டார். பெட்டிகள் வந்து சேர இரண்டு மாதம் ஆயிற்று. அதற்குள் கொடி கம்பியெல்லாம் ஏறிக் காய்த்துத் தொங்கியது.

பெட்டி மாட்ட வந்த ஆள் திரையைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான்.

"ஆன்டெனா எங்கங்க? அது இல்லாம பெட்டி எதைப் பிடிக்கும்?"

ஊரே சுகிமானைத் திரும்பிப் பார்த்தது. அவரால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

முதல் ஆன்டெனா, காயும் கொடியுமாக, இபு துமினியின், அதாவது துமினியம்மாவின், கூரைக்கு ஏறியது.

"இப்ப?"

"ஒண்ணுமில்ல, பாக்!"

திருப்பினார்.

"வந்திருச்சு!... ஐயோ, போயிருச்சு!"

புதுப் பெட்டி யோசித்து யோசித்துத்தான் படம் காட்டும். சுகிமானின் கையோ பழைய வேகத்தில் அதைத் தாண்டிப் போய்விடும். இப்படியே அரை மணி நேரம் ஓடியது. கீழே நின்றவர்கள் தலையில் காராமணி விழுந்துகொண்டே இருந்தது.

கடைசியில் படம் நிலைத்தது. ஒரு பூச்சி இல்லை, பளிங்காக இருந்தது. கீழே கைதட்டினார்கள். இவ்வளவு தெளிவாக வந்தால் இனி யார் சுகிமானைக் கூப்பிடப் போகிறார்கள்? அவர் மெல்லக் கம்பத்தில் கை வைத்தார்.

"கையை எடுங்க, பாக்!" என்றாள் ஏணியடியில் நின்ற துமினி. "அதைக் கெடுத்துட்டுத்தான் நாளைக்கு வரணுமா? சும்மா வாங்க. பழம் பொரிச்சு வைக்கிறேன்."

சுகிமான் கையை எடுத்தார்.

"காராமணி கொண்டு வரட்டுமா?" என்று கேட்டார்.