அண்ணன் கட்டிய ஹால்

வடக்குப்பட்டில் என் அண்ணன் கட்டிய வீட்டின் ஹாலுக்குள் முதல்முறை நுழைந்தபோது, செருப்பைக் கழற்றுவதா, டிக்கெட் வாங்குவதா என்று எனக்குத் தெரியவில்லை.

மேலே தங்க நிறத்தில் பூ வேலைப்பாடு செய்த ஃபால்ஸ் சீலிங். அதன் நடுவிலிருந்து குலை தள்ளிய வாழை மாதிரி ஒரு கண்ணாடிச் சரவிளக்கு. எதையும் தாங்காத இரண்டு தூண்கள்; தட்டிப் பார்த்தேன், உள்ளே காலி. ஒரு சுவர் முழுக்கத் தோகை விரித்த மயில். அண்ணன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“எப்படி கீது?”

“கல்யாண மண்டபம் மாதிரி கீது” என்றேன்.

அவன் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டான். கிரகப்பிரவேசத்துக்கு வந்தவர்களிடமெல்லாம், “என் தங்கச்சியே மண்டபம் மாதிரி கீதுன்னு சொல்லிச்சு” என்று சொல்லிக்கொண்டு திரிந்தான்.

அண்ணன் ஒரகடத்துத் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றிப்போகும் பஸ்களை விடுகிறான். டிரைவராக ஆரம்பித்தவன், இப்போது நான்கு பஸ்ஸுக்கு முதலாளி. உழைப்பில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் சென்னையிலிருந்து ஓர் இன்டீரியர்காரர் வந்து செல்போனில் அரண்மனைப் படங்களை விரலால் தள்ளித் தள்ளிக் காட்டியதும், அவனுக்கிருந்த புத்தி முழுக்க அந்தக் கண்ணாடித் திரைக்குள் இறங்கிவிட்டது. அவன் மட்டுமல்ல. எங்கள் பக்கத்தில் இப்போது எந்தப் புது வீட்டுக்குப் போனாலும் இதே தங்கப் பூ, இதே வெற்றுத் தூண். ராஜா யாரும் வரப்போவதில்லை. கேஸ் சிலிண்டர் போடுகிறவர்தான் வருவார். அவரையும் கொல்லைப்புறமாக வரச் சொல்லிவிடுவார்கள்.

நான் கார் சீட் தைக்கும் கம்பெனியில் தரம் பார்க்கிறவள். ஷிஃப்ட் முழுக்கத் தையலைத் தடவிப் பார்ப்பதுதான் வேலை. அதனால் கை தானாகவே சோபாவுக்குப் போனது. மெரூன் வெல்வெட், கைப்பிடிக்கு ஒன்றாக இரண்டு சிங்கத் தலை. ஒரு சிங்கத்தின் பிடரிக்குப் பின்னால் விரலை விட்டேன். மூன்று இடத்தில் தையல் விட்டிருந்தது. எங்கள் லைனில் இப்படி ஒரு சீட் வந்தால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி ஓரம் தள்ளிவிடுவோம். அண்ணியிடம் அதைச் சொன்னேன்.

“நீ வூட்டப் பாக்க வந்தியா, இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தியா?” என்றாள். மறுநாளே சோபாவுக்குக் கனமான பிளாஸ்டிக் உறை வந்துவிட்டது. அதற்குப் பிறகு அதில் யாரும் உட்காரவில்லை.

எல்லாவற்றையும் மிஞ்சியது தரைதான். பளபளக்கும் பூச்சுக்குக் கீழே நிஜம் போலவே ஒரு கடல் படம். பவளம், மீன்கள், ஓர் ஆமை. அம்மா போன பிறகு அண்ணனோடு இருந்த அப்பா, முதல்நாள் வாசற்படியில் நின்று அதைப் பார்த்தார். வேட்டியை முழங்கால் வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு காலை வைத்தார். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் செல்போனில் படம் எடுத்தான். அப்பாவும் சிரித்தார். ஆனால் அன்றிலிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டேதான் ஹாலைக் கடந்தார்.

ஐப்பசி மழையில் ஈரக் காலோடு உள்ளே வந்தவர், ஒரு மீனின் மேல் வழுக்கி விழுந்தார். தொடை எலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனேன். அப்பா கார் நிறுத்தும் போர்டிகோவில் கட்டில் போட்டுப் படுத்திருந்தார். சாரல் அடிக்காமல் இருக்க ஒரு பக்கம் தார்ப்பாய் கட்டியிருந்தது.

“ஏம்பா இங்க படுத்துகினு கீறே?”

“காத்து நல்லா வருதும்மா” என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

உள்ளே போய் அண்ணனைக் கேட்டேன்.

“மாடி ஏற முடியாது அவரால. கீழ் ரூம்ல தியேட்டர் செட்டப்பு கீது.”

“ஹால்ல போடு.”

“ஹால்லயா? அந்த இரும்புக் கட்டிலப் போட்டா லுக்கே பூடும்மா. தரையும் கீறிக்கும்.”

“சிங்கத்துக்கு எடம் கீது. அப்பாவுக்கு இல்லையா?”

சமையலறையில் அண்ணி பாத்திரம் உருட்டும் சத்தம் நின்றுவிட்டது.

“ஒனக்குத் தெரியாது” என்றான் அண்ணன். “டிரைவரா இருந்தப்போ ஒரு மேனேஜர் வூட்டுக்கு டிரிப் ஷீட்டுல கையெழுத்து வாங்கப் போனேன். தரை அழுக்காயிடும், அங்கயே நில்லுன்னான். முக்கா மணி நேரம் வாசல்ல நின்னேன். கதவு தொறந்துதான் இருந்துச்சு. உள்ள இதே மாதிரி லைட்டு, இதே மாதிரி சோபா. அன்னிக்கு நெனச்சேன், இத மாதிரி ஒண்ணு கட்டணும்னு.”

அவன் அதுவரை யாரிடமும் இதைச் சொன்னதில்லை என்று நினைக்கிறேன். ஆனாலும் என் வாய் சும்மா இருக்கவில்லை.

“கட்டிட்டே. அவன் ஒன்ன வாசல்ல நிக்க வெச்சான். நீ அப்பாவ வாசல்ல படுக்க வெச்சிருக்கே.”

அவன் முகம் சிறுத்துப்போனது. எழுந்து போய், கட்டில் காலுக்கு அடியில் வைக்க அட்டை தேடினான். கட்டிலை உள்ளே போட்டுவிடுவான் என்று நான் நிஜமாகவே நம்பினேன். கொஞ்ச நேரம் தேடிவிட்டு, “இன்டீரியர்காரர ஒரு வார்த்த கேட்டுக்கறேன்” என்றான்.

அன்று சாயங்காலமே அப்பாவை ஸ்ரீபெரும்புதூருக்கு அழைத்துவந்துவிட்டேன். நான் வாடகைக்கு இருப்பது ஓர் அறையும் ஒரு சமையல் இடமும். அலங்காரம் என்று பார்த்தால் ஒரு காலண்டர். சொரசொரப்பான சிமெண்ட் தரை. நான் ஷிஃப்ட்டுக்குப் போகும்போது பக்கத்துப் போர்ஷன் அக்கா பார்த்துக்கொண்டாள். அந்தத் தரையில் வாக்கரைத் தள்ளித் தள்ளிப் பழகி, தை மாதத்துக்குள் அப்பா தெருமுனை டீக்கடை வரைக்கும் போய்வர ஆரம்பித்தார்.

அண்ணனின் ஹால் ஒரு கீறல்கூட இல்லாமல் இருக்கிறது. கல்யாண ஜோடிகளைப் படம் எடுப்பவர்கள் கேள்விப்பட்டு வரத் தொடங்கினார்கள். யாரோ ஒரு பெண் சிங்கத் தலையில் கைவைத்துச் சாய்ந்து நிற்க, அண்ணனும் அண்ணியும் மாடிப்படியில் உட்கார்ந்து தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடுகிறார்கள். அதையும் அவன் பெருமையாகத்தான் சொல்கிறான்.

பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டுக்குக் கறி வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறான். அப்பாவுக்குக் கால் பிடித்துவிடுகிறான். அதை நான் மறைக்க விரும்பவில்லை. சாப்பிட்டதும் பாயில் கைகாலைப் பரப்பிக்கொண்டு குறட்டை. போன வாரம் தூங்கி எழுந்தவன் என் அறையைச் சுற்றிப் பார்த்தான்.

“நல்ல வால்பேப்பர் ஒண்ணு ஒட்டித் தரட்டா? தங்கக் கலர்ல பூப் போட்டது. ரூமே மாறிப்பூடும்.”

நான் வாய் திறப்பதற்குள் அப்பா சொன்னார். “வேணாம்பா. தலைக்கு எண்ண வெச்சிகினு நான் சாஞ்சி உக்கார்ற செவுரு அது.”

அண்ணன் சரி என்று தலையாட்டிவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டான்.