ரெண்டு காயில் ரூபஸ்

ஆர்.கே.பேட்டையிலிருந்து திருத்தணிக்கு வரும் மாலைப் பேருந்தில், ஜன்னலோர இருக்கையில், ரூபஸ் கைப்பேசியைக் காதோடு அழுத்திப் பிடித்தபடி கண்ணை மூடியிருக்கிறார். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை "ஆங்" என்கிறார். சில சமயம் முகத்தைச் சுளித்து, "ஊஹூம், இது இல்ல" என்கிறார். அந்தப் பேருந்துக்குப் புதியவர்கள், மனுஷன் வீட்டில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார் போலும் என்று இரக்கத்தோடு பார்ப்பார்கள். ஆனால் எதிர்முனையில் யாருமில்லை. எந்த ஊரிலோ ஒருவர் பேஸ் என்னும் அடிக்குரல் கிதாரில் ஆறு விதமான பிக்கப்புகளைப் பொருத்தி, ஒரே மெட்டை ஆறு முறை வாசித்துக் காட்டும் காணொளி அது. மூன்று வருடங்களாக ரூபஸ் இப்படித்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

பிக்கப் என்பது கிதாரின் வயிற்றில், கம்பிகளுக்கு அடியில் பதித்திருக்கும் கறுப்புப் பெட்டி. கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புவது அதன் வேலை. ரூபஸின் கிதாரில் இருந்தது கம்பியை மட்டும் அனுப்பாமல், சுற்றியுள்ள டியூப்லைட், மின்விசிறி எல்லாவற்றையும் துணைக்கு அழைத்துக்கொண்டு வந்தது. ஸ்விட்சைப் போட்டாலே "ஊம்" என்று ஓர் இரைச்சல். அதற்கு மருந்து ஹம்பக்கர் என்கிற வகைப் பிக்கப்தான் என்பது அவருடைய தீர்மானம். தினமும் பக்கத்தில் உட்கார்ந்து வருகிற பாவத்துக்கு எனக்கும் விளக்கினார்.

"உள்ள ரெண்டு காயில் இருக்குது சார். ஒண்ணு ஊம்னு கத்துனா, இன்னொண்ணு அதுக்கு எதிரா கத்தும். ரெண்டும் மோதிக்கினு கம்முனு ஆயிடும். பாட்டு மட்டும்தான் வெளிய வரும். புருசன் பொண்டாட்டி மாரின்னு வச்சிக்கங்களேன்."

இதை அவர் மனைவி கிருபாவிடம் ஒருநாள் சொன்னேன். "எங்கூட்ல ஒரு காயில்தாங்க கத்துது. இன்னொண்ணு போனுக்குள்ள பூந்துகினு கெடக்குது" என்றார் அந்த அம்மாள். கண்டக்டர் எல்லப்பன் வைத்த பெயர்தான் நிலைத்துவிட்டது. "ரெண்டு காயில் அண்ணனுக்கு ஒரு திருத்தணி" என்று, கேட்காமலேயே டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிடுவார்.

ரூபஸுக்கு வயது ஐம்பத்தொன்று. விசைத்தறிக் கூடங்களில் பழுது பார்ப்பவர். நகக்கண்ணில் எண்ணெய்க் கறுப்பு. சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் ஸ்க்ரூடிரைவர். நாற்பது தறிகள் ஒன்றாக அலறும் கூடத்துக்குள் நுழைந்து, வாசலில் நின்றபடியே, "மூணாவது வரிசையில ஒண்ணு நொண்டுது பாரு" என்று சொல்லிவிடுவார். போய்ப் பார்த்தால் நொண்டும். ஆறு நாளும் அந்த இரைச்சலில் குடியிருக்கிற மனிதருக்கு, ஏழாம் நாள் சர்ச்சில் ஓர் "ஊம்" பொறுக்கவில்லை.

பொறுக்காததற்குக் காரணம் உண்டு. ரூபஸ் தன் சபையின் பாடகர் குழுவில் இருபத்திரண்டு வருடங்களாகப் பேஸ் வாசிக்கிறார். குழுத் தலைவர் பிரபுதாஸ், கிருபாவின் தம்பி. போன வருடம் குழுவுக்குப் புதுக் கீபோர்டு வந்தது. இடது கையால் ஒரு கட்டையை அழுத்தினால் அதிலேயே பேஸ் வருகிறது. மௌன ஜெபத்தின் நடுவே ரூபஸின் கிதார் உறுமியதற்குப் பிறகு பிரபுதாஸ் மரியாதையாகத்தான் சொன்னார்: "பாவா, அறுப்பின் பண்டிகைக்குள்ள இந்த சத்தத்த நிறுத்திடு. முடியலன்னா வாசிக்க வேணாம், காணிக்கைப் பைய புடிச்சிக்கினு வரிசையா போய்க்கினு இரு. அதுவும் ஊழியந்தான்." இதை ரூபஸ் பேருந்தில் என்னிடம் சொன்னார். பை பிடிக்க யாராலும் முடியும் என்பதுதான் அவருடைய துக்கம்.

ஆகவே தேர்வு தீவிரமானது. தறிச் சாமான் எழுதும் நோட்டின் பின்பக்கத்தில் பிக்கப்புகளுக்கு இடம் ஒதுக்கினார். ஒலிக்கு அவரிடம் வேறு பாஷை இல்லாததால் நூல் பாஷையில் எழுதினார். "எண்பதாம் நம்பர் நூலு, மெல்லிசு." "இருபதாம் நம்பர், தடி, ஆனா முடிச்சு இருக்குது." "கஞ்சி ஜாஸ்தி." இருபத்தெட்டுப் பிக்கப்புகளுக்கு இப்படி ஜாதகம் எழுதி, பொருத்தம் பார்த்துப் பார்த்துக் கழித்து, மூன்றில் வந்து நின்றார்.

அப்போதுதான் மகள் அபிகாயில் கல்லூரி விடுமுறைக்கு வந்தாள். அப்பா போனைக் காதில் வைத்துக்கொண்டு தவம் செய்வதைப் பார்த்துவிட்டு, "நைனா, போன் ஸ்பீக்கர்ல பேஸே வராது நைனா. அதுல மேல் சத்தம் மட்டுந்தான் கேக்கும்" என்று தன் இயர்போனைக் காதில் செருகிவிட்டாள்.

ரூபஸ் கேட்டார். இயர்போனைக் கழற்றி, போனைக் காதில் வைத்துப் பார்த்து, மறுபடி இயர்போனைச் செருகிக்கொண்டார்.

"அப்ப மூணு வருசமா நா கேட்டது இன்னா?"

"அந்தாளு வெரலு கம்பில உரசுற சத்தம் நைனா."

வேறொருவராக இருந்தால் நோட்டைக் கிழித்திருப்பார். ரூபஸ் புதுப் பக்கம் திருப்பி, ஒன்று என்று எண் போட்டு, முதல் காணொளியிலிருந்து ஆரம்பித்தார்.

பண்டிகைக்குப் பத்து நாள் இருக்கும்போது, கடைசியில் அவர் தேர்ந்தெடுத்து வரவழைத்த பிக்கப்புகள் வந்து சேர்ந்தன. கிதாரில் இருந்த குழியைவிட ஒரு நகக்கண் அளவு பெரியவை. கடைத்தெருவில் மிக்சி, டிவி பழுது பார்க்கும் கோதண்டத்திடம் கொண்டுபோனார். நானும் கூடப் போனேன். கோதண்டம் நெற்றி நிறைய விபூதியோடு கிதாரைக் குப்புறப் போட்டு, மூடியைக் கழற்றி, உள்ளே விளக்கடித்துப் பார்த்தார்.

"ணா, பழசுலயும் ரெண்டு காயில்தான் இருக்குது."

"ஆங்?"

"பிக்கப்பு நல்லாத்தான் இருக்குது. தோ, எர்த்து கம்பி வுட்டுப்போயிருக்குது. அதான் கத்தறது. ஒரு பொட்டு ஈயம் வச்சா தீந்துது. புதுசு எதுக்கு?"

ரூபஸ் அந்த அறுந்த கம்பியைப் பார்த்தார். ஒரு விரல் நீளம் இருக்கும். பிறகு என்னைப் பார்த்தார். நான் மிக்சிகளைப் பார்த்துக்கொண்டேன்.

"அதையும் வையி. இதையும் மாட்டு" என்றார். சற்றுப் பொறுத்து, "பிரபுதாசாண்ட எர்த்து பத்தி ஒண்ணும் பேசிக்கினு இருக்காத" என்றும் சொன்னார்.

கோதண்டம் மரத்தை அரத்தால் ராவிக் குழியைப் பெரிதாக்கி, புதியவற்றைப் பொருத்தினார். அடுத்த வியாழக்கிழமை ஒத்திகைக்கு ரூபஸ் என்னையும் இழுத்துக்கொண்டு போனார். சாட்சி வேண்டுமாம். ஸ்விட்சைப் போட்டார். ஒரு முணுமுணுப்பு இல்லை. பிரபுதாஸ் ஸ்பீக்கரின் அருகே குனிந்து கேட்டுவிட்டு, "பாவா, சத்தமே இல்லியே" என்றார். ரூபஸின் முகத்தில் அப்போது இருந்த பூரிப்பு, ஒரு விரல் நீளக் கம்பிக்கு உரியதென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பண்டிகைக்கென்று வருடந்தோறும் பாடுகிற பாட்டை ஆரம்பித்தார்கள். பேஸ் திரண்டு, தெளிவாக, நெஞ்சில் வந்து தட்டியது. சரணத்தின் மூன்றாம் வரியில் பிரபுதாஸ் கையைத் தூக்கி நிறுத்தினார். மறுபடி ஆரம்பித்தார்கள், மறுபடி அங்கேயே நிறுத்தினார். பெண்களைத் தனியாகப் பாடச் சொன்னார், சரியாக இருந்தது. கீபோர்டைத் தனியாக வாசித்தார், சரியாக இருந்தது. கடைசியில் எல்லோரும் ரூபஸைப் பார்த்தார்கள். பாட்டு இறங்குகிற இடத்தில் அவர் ஏறிக்கொண்டிருந்தார்.

"இருபத்திரண்டு வருசமா இப்டித்தான் வாசிக்கறேன், மச்சான்."

"இருக்கும் பாவா" என்றார் பிரபுதாஸ் மிகவும் தணிந்த குரலில். "இப்பதான கேக்குது."

வெள்ளியும் சனியும் அவர் பேருந்தில் கைப்பேசியை எடுக்கவில்லை. இடது கை விரல்கள் முன்சீட்டுக் கம்பியில் இறங்கிப் பழகிக்கொண்டிருந்தன. மூன்றாம் வரி வரும்போது தாமாக ஏறிவிடும். "வெரலு கேக்க மாட்டன்னுது சார்" என்றார். எனக்கு வந்த சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை, சர்ச் தூண்களில் கரும்பு கட்டியிருந்தார்கள். விளைச்சலின் காணிக்கையாக வந்த பூசணிகளும் ஒரு சேவலும் ஏலத்துக்காக வாசலில் காத்திருந்தன. நான் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். பாட்டு எழுந்தது. பல்லவி முழுக்க ரூபஸின் பேஸ் தரை வழியாக என் செருப்பில்லாத காலுக்கு வந்தது. முன்வரிசையில் ஒரு பெரியவர் திரும்பி அவரைப் பார்த்துப் புன்னகைத்தார். அந்தக் கணத்துக்காகத்தான் மூன்று வருடங்கள். அது அவருக்குக் கிடைத்துவிட்டது. சரணம் வந்தது. இரண்டாம் வரி முடியும்போது அவருடைய சுண்டுவிரல் கிதாரின் ஒலிக் குமிழைத் தொட்டு, ஒலி அடியோடு இறங்கும் வரைக்கும் திருகிவிட்டது. தரை அமைதியானது. விரல்கள் வழக்கம்போல ஏறின. கண்களை மூடி, பாதத்தால் தாளமிட்டு, ஒரு சுரமும் விடாமல் வாசித்தார்.

மூன்றாம் வரி பழுதில்லாமல் கடந்தது. பிரபுதாஸ் கீபோர்டிலிருந்து திரும்பாமலேயே கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். குமிழைத் திரும்ப ஏற்றப் போன ரூபஸின் கை, அதைப் பார்த்ததும் நின்றது; பிறகு கம்பிக்கே வந்து, ஓசையில்லாமலே வாசிப்பைத் தொடர்ந்தது.