திருவலையில் இருந்து கேட்ட கணக்கு

எனக்கு வயது எழுபத்தெட்டு. ஆறு பேரை வளர்த்து ஆளாக்கினேன். ஐந்து நான் பெற்றவை, ஒன்று கண்ணை மூடிவிட்ட தங்கை விட்டுப்போனது. சோற்றுக் கோப்பையில் ஒருநாளும் வித்தியாசம் காட்டியதில்லை. என் பெயரை எழுதுவேன், அதற்கு மேல் எழுத்து ஓடாது. இதை நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். மகன் வாங்கித் தந்த கதிரை பக்கத்தில் சும்மா கிடக்கிறது. நான் இருப்பது என் தேங்காய்த் திருவலையில். அதன் பல் மழுங்கிவிட்டது, பலகை நடுவில் குழிந்துவிட்டது, ஆனாலும் இதில் குந்தினால்தான் எனக்குக் கதை வரும். எண்ணுக்குப் பதில் எழுத்தை வைத்துப் போடும் அட்சரகணிதம் என்று ஒன்று உலகத்தில் இருப்பதை நான் அறிந்ததும் இதில் இருந்துகொண்டுதான்.

அது சண்டைக் காலம். ஈச்சிலம்பற்றுப் பக்கம் கடற்கரையோடு இருந்தோம். என் நாலாவது மகளுக்கு ஆஸ்பத்திரியில் தாதியாக வேண்டும் என்று ஆசை. சாதாரணதரப் பரீட்சையில் எல்லாம் சித்தி, கணக்கு மட்டும் கோட்டை விட்டிருந்தாள். கணக்கு இல்லாமல் தாதிப் படிப்புக்கு எடுக்கமாட்டார்கள். என் அண்ணனோ மாப்பிள்ளை பார்த்து வைத்துவிட்டார். "பெட்டைக்குப் படிப்பு ஏறேல்லை தங்கச்சி. கட்டிக் குடுப்பம்" என்றார். இன்னொரு தரம் எழுதட்டும், அதிலும் தவறினால் உங்கள் இஷ்டம் என்று நான் ஒரே பிடியாக நின்றேன். அண்ணன் தலையாட்டினார். அவளுடைய காலம் முழுவதும் அந்த ஒரு பாடத்தில் தொங்கியது.

அந்த வருடம்தான் கணக்கு ரீச்சர் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். பட்டினத்துத் துறைமுகத்துக்குக் கிட்டப் பிறந்து வளர்ந்தவர். பட்டினத்திலிருந்து லாஞ்சியில் மூதூருக்கு வந்து, அங்கிருந்து அகப்பட்ட வாகனத்தில் ஏறி எங்கள் ஊருக்கு வருவார். வந்து இறங்கும்போதும் முகம் வெளுத்துத்தான் இருக்கும். "துறைமுகத்துப் பிள்ளைக்குக் கடல் ஒத்துக்கொள்ளாதோ ரீச்சர்?" என்று நாங்கள் பகிடி பண்ணுவோம். "கடல் நல்ல வடிவு அக்கா, அது ஆடுறதுதான் எனக்குப் பிடிக்கேல்லை" என்பார்.

அவருடைய படிப்பிப்பு மகளுக்கு முதலில் பிடிக்கவில்லை. வகுப்புக்குள் வந்ததும் "கொப்பியை மூடுங்கோ" என்பாராம். நேற்றுச் செய்த கணக்கைக் கேட்பார், பிறகு போன கிழமையதைக் கேட்பார், எல்லாரும் மறந்திருப்பார்கள் என்று தெரிந்தே போன மாதத்தையும் கிண்டுவார். அதன் பிறகுதான் புதுப் பாடம். "சோதினை வருது, இவ பழசையே கிளறிக்கொண்டிருக்கிறா" என்று மகள் முறைப்பட்டாள். எனக்கும் அவள் சொல்வது சரியாகத்தான் பட்டது.

ஒரு பின்னேரம் ரீச்சர் வீட்டுக்கே வந்துவிட்டார். நான் குசினியில் பிட்டுக்குத் தேங்காய் திருவிக்கொண்டிருந்தேன். அவர் குசினி வாசலிலேயே இருந்துகொண்டு சொன்னார்:

"அக்கா, இவ ஒவ்வொரு நாளும் வகுப்பில செய்த கணக்கை உங்களுக்குச் சொல்லவேணும். கொப்பி பாக்கக்கூடாது. நீங்கள் திருவி முடியிறதுக்குள்ள சொல்லி முடிக்கவேணும்."

"எனக்குக் கையெழுத்தே ஒழுங்கா வைக்க ஏலாது ரீச்சர். எனக்குச் சொல்லி என்ன பலன்?"

"அதுதான் நல்லது. தெரிஞ்ச ஆளெண்டா நீங்களே சொல்லிக் குடுத்துப்போடுவீங்கள். நீங்கள் ஒண்டே ஒண்டு செய்தாப் போதும். ஏன் எண்டு கேளுங்கோ."

ஏன் என்று கேட்பது எனக்குப் பெரிய வேலையா? அடுத்த நாளே தொடங்கினேன். மூன்று எக்ஸ் சக இரண்டு, சமன் இருபது என்றாள் மகள். அந்த இரண்டை மற்றப் பக்கம் கொண்டுபோனால் சக என்பது சய ஆகிவிடும், கூட்டல் கழித்தலாகிவிடும் என்றாள்.

"ஏன்?"

"அது அப்பிடித்தான் அம்மா."

"கொண்டு போற வழியில ஏன் மாறுது?"

"ஐயோ, நீங்கள் தேங்காயைத் திருவுங்கோ!"

கோபித்துக்கொண்டு எழும்பிப் போய்விட்டாள். மறுநாள் கரைக்குப் போனாள். அங்கே தகப்பனும் கூட்டாளியும் மீனை இரண்டு கும்பியாகக் குவித்துச் சமமாகப் பங்கு வைத்துக்கொண்டிருந்தார்கள். ஓட்டமாய் வந்து என் முன்னால் குந்தினாள். "அம்மா, அந்த ரெண்டு எங்கையும் போகேல்லை! ரெண்டு கும்பியும் சமன். இந்தக் கும்பியில ரெண்டு மீனை எடுத்தா அந்தக் கும்பியிலையும் ரெண்டு எடுக்கவேணும், இல்லாட்டிச் சண்டை வரும். அப்ப மூண்டு எக்ஸ் பதினெட்டு. ஒரு எக்ஸ் ஆறு." பிறகு ரீச்சர் பழக்கியபடி அந்த ஆறைத் திரும்பவும் கணக்குக்குள் போட்டு, இருபது வருகிறதா என்று பார்த்தாள். வந்தது. எனக்குப் பாதிதான் விளங்கியது. அவள் கண்ணில் இருந்த வெளிச்சம் முழுக்க விளங்கியது.

சோதினைக்குக் கொஞ்ச நாள் இருக்க ஷெல் விழத் தொடங்கியது. உடுத்த உடுப்போடு வெருகல் ஆற்றைக் கடந்தோம். கையில் அகப்பட்டது என்று நான் தூக்கியது இந்தத் திருவலையை. "எல்லாரும் நகைநட்டைக் கொண்டு வர இவ திருவலையைக் காவிக்கொண்டு வந்திருக்கிறா" என்று அகதிக் கொட்டிலில் அண்ணன் எல்லாரையும் சிரிக்க வைத்தார். மகளின் கொப்பியெல்லாம் வீட்டோடு போய்விட்டது. ரீச்சர் வேறு திசையில் போன ஓர் உழவு இயந்திரத்தில் ஏறியதை யாரோ கண்டார்களாம். "எல்லாம் போச்சுது அம்மா, இனி நான் எழுதேல்லை" என்று மகள் சுருண்டு படுத்துவிட்டாள்.

திருவத் தேங்காய் இல்லை. என்றாலும் நான் திருவலையைப் போட்டு அதில் குந்தினேன். "அந்த ரெண்டு கும்பிக் கணக்கைச் சொல்லு பாப்பம்" என்றேன். படுத்தபடியே, வேண்டா வெறுப்பாய்ச் சொன்னாள். ஏன் என்றேன். எழும்பி இருந்து சொன்னாள். அதற்கு முந்தினதைக் கேட்டேன், அதற்கும் முந்தினதைக் கேட்டேன். ஒவ்வொன்றாய் வந்தது. சில இடத்தில் தடக்கி நிற்பாள். நான் வாய் திறக்கமாட்டேன், திறந்தாலும் சொல்ல என்னிடம் எதுவும் இல்லையே. தானே தேடி எடுத்துக்கொண்டு வருவாள். ரீச்சர் பழசைக் கிளறியது எதற்காக என்று அந்தக் கொட்டிலில்தான் எனக்கு விளங்கியது.

இடம்பெயர்ந்த பிள்ளைகளோடு இருந்து சோதினை எழுதினாள். கணக்கில் வெறும் பாஸ் இல்லை, திறமைச் சித்தி. அண்ணன் விடவில்லை. "பாஸ் பண்ணினா என்ன, பெட்டையைக் கட்டிக் குடுக்கத்தானே வேணும்" என்றார்.

"ஏன்?" என்றேன்.

"ஏனெண்டா... அது அப்பிடித்தான்."

மகள் சத்தமாய்ச் சிரித்துவிட்டாள். "மாமா, அந்த மறுமொழிக்கு அம்மா புள்ளி போடமாட்டா." அண்ணன் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கடைசியில் தானும் சிரித்துவிட்டார். அதோடு கலியாணக் கதை நின்றது. மகள் இப்போது மூத்த தாதி. மருந்தின் அளவைக் கணக்குப் பார்க்கும்போது இன்றைக்கும் இரண்டு கும்பியைத்தான் நினைக்கிறாளாம்.

சண்டை ஓய்ந்த பிறகு ரீச்சரைத் தேடிப் பட்டினத்துக்குப் போனேன். துறைமுகத்தை அண்டிய ஒரு தெருவில் அவர் வீடு இருந்தது, உள்ளே வேறு ஆட்கள். அவர் வெளிநாடு போய்விட்டார் என்றார்கள், எந்த நாடென்று அவர்களுக்குத் தெரியவில்லை. பிள்ளை பாஸ் என்ற ஒரு சொல்லை அவருக்குச் சொல்ல எனக்குக் கொடுத்து வைக்கவில்லை. கடல் கடந்துதானே போயிருப்பார் என்று நினைத்து, லாஞ்சித் துறையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். இந்தக் கதையை எங்கேயாவது இருந்து அவர் வாசிக்கட்டும் என்றுதான் இப்போது சொல்கிறேன்.

இதை எழுதுகிற பேத்தியும் அட்சரகணிதம் படிக்கிறாள். ஃபோனில் பாடம் பார்க்கிறாள், வடிவான எழுத்தில் பக்கம் பக்கமாய்ப் பார்த்து எழுதுகிறாள், அடுத்த கிழமை கேட்டால் முழிக்கிறாள். இதோ, எழுதி முடித்துவிட்டுப் பேனையை மூடுகிறாள்.

"எல்லாம் எழுதிட்டியோ பிள்ளை? வாசி பாப்பம்."

"எனக்கு வயது எழுபத்தெட்டு..."

"நில்லு. கொப்பியை மூடிப்போட்டுச் சொல்லு."