என் பாடத்தை நானே குறை சொன்ன நாள்

ஜெர்மனியின் வுப்பர்டாலில் பெயின்ற் தொழிற்சாலை ஒன்றின் ஆய்வுகூடத்தில் நெடுங்காலம் வேலை செய்தேன். ஒரு நாள் அந்தப் பிரிவையே மூடிவிட்டார்கள். இரசாயனம் படிப்பிக்க ஆளில்லாத பாடசாலைகளுக்கு, என்னைப் போல் பட்டமும் தொழில் அனுபவமும் உள்ளவர்கள் ‘ஸைட்டன்ஐன்ஷ்டீக்’ என்ற பக்கவழியால் ஆசிரியராகப் போகலாம் என்று அறிந்து விண்ணப்பித்தேன். தொடக்கத்திலிருந்தே வகுப்பெடுக்க வேண்டும். இடையிடையே நாமே மாணவராகிப் பயிற்சிக்கும் போக வேண்டும். முடிவில் பரீட்சை. தவறினால் இன்னொரு தடவை செய்யலாம். அதிலும் தவறினால் அந்த வேலை இல்லை.

முதல் தடவை தவறினேன்.

பாடம் மோசமில்லை. சிவப்பு முட்டைக்கோவாச் சாற்றில் வினாகிரி விட்டால் நிறம் மாறுவதைப் பிள்ளைகள் ஆர்வமாகப் பார்த்தார்கள். பின்வரிசையில் பரீட்சகர்கள் இருந்தார்கள். பாடம் முடிந்ததும், அதைப் பற்றி முதலில் நானே கருத்துச் சொல்ல வேண்டும், அதுதான் முறை. “நேரம் போதவில்லை. என் கேள்விகள் தெளிவில்லை. இரண்டு பிள்ளைகளைக் கவனிக்காமல் விட்டேன். என் ஜெர்மனும் இன்னும் திருந்த வேண்டும்” என்றேன். யாராவது ஒருவர் ‘அப்படியெல்லாம் இல்லை’ என்பார் என்று காத்திருந்தேன். அவர்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள். முடிவைச் சொன்னபோது காரணங்களாக வந்தவற்றில் பாதி என் வாயிலிருந்து போனவை.

வீட்டில் பதினாறு வயது மகள் முழுவதையும் கேட்டுவிட்டுத் தலையில் கைவைத்தாள்.

“ஐயோ அம்மா! விருந்துக்கு ஆக்கள் வந்தா, சோறு போடேக்கயே ‘கறி சரிவரேல்லை, குறை நினையாதேங்கோ’ எண்டுவீங்கள். அவையும் ‘சீச்சீ, நல்லாயிருக்கு’ எண்டுவினம். அதையே அங்கயும் செய்திருக்கிறீங்கள்!”

“பெரிய ஆக்களுக்கு முன்னால என்னை நானே புகழ்ந்து புழுகிறதோ?”

“புழுக வேண்டாம், நடந்ததைச் சொல்லுங்கோ. கறி சரியில்லை எண்டா, ‘அப்ப ஏன் வைச்சனீங்கள்’ எண்டுதான் இந்த ஜெர்மன்காரர் கேப்பினம்.”

சோபாவிலிருந்து கணவர் சொன்னார்: “பிள்ளை சொல்லுறது சரி. என்னைப் பற்றியும் ஊரெல்லாம் குறைதானே சொல்லுறனீர்.”

“அது அடக்கமில்லையப்பா, உண்மை” என்றேன். அந்த வாரத்தில் நாங்கள் சிரித்தது அப்போதுதான்.

பாடசாலையில் எனக்குத் துணையாக விடப்பட்டிருந்த ஜெர்மன் ஆசிரியை என்னைவிட வயதில் குறைந்தவர். நடந்ததைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. வியாழக்கிழமைகளில் வெறும் வகுப்பறையில் எதிரே உட்கார்ந்து, “இன்று நன்றாக நடந்த ஒன்றைச் சொல்லுங்கள்” என்பார்.

“பிள்ளைகளுக்கு ஓரளவு விளங்கியது.”

“ஓரளவை எடுத்துவிடுங்கள். விளங்கியது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?”

முதல் வாரங்களில் கூச்சத்தில் காது சூடாகும். மெல்ல மெல்ல, வகுப்பு நடக்கும்போதே எந்தப் பிள்ளை என்ன எழுதுகிறது, எங்கே தயங்குகிறது என்று பார்க்கப் பழகினேன். பரீட்சைக்காக மட்டும் தொடங்கியது என்னை ஆசிரியையாக்கியது. அந்த மணித்தியாலங்களைத் தரவேண்டிய கடமை அவருக்கு இருக்கவில்லை. ஒவ்வொரு கிழமையும் தந்தார்.

இரண்டாம் தடவைக்கு இரும்பு ஏன் துருப்பிடிக்கிறது என்ற பாடம். போன கிழமை போத்தல்களில் போட்டு வைத்த ஆணிகளைப் பிள்ளைகள் ஒப்பிட்டார்கள். பாடம் முடிந்தது, பரீட்சகர்கள் என்னைப் பார்த்தார்கள். “மன்னிக்க வேண்டும்…” என்றுதான் வாய் தொடங்கியது. நிறுத்தித் தண்ணீர் குடித்தேன்.

“துருப்பிடிக்கத் தண்ணீர் மட்டும் போதும் என்று ஒரு மாணவி எழுதியிருந்தாள். கொதித்தாறிய தண்ணீரில், மேலே எண்ணெய் விட்டுக் காற்றுப் புகாமல் வைத்த ஆணி துருப்பிடிக்காததைப் பார்த்துவிட்டு, தானே அதை வெட்டி ‘காற்றும் வேண்டும்’ என்று எழுதினாள். என் நோக்கம் அதுதான்; அது நிறைவேறியது” என்றேன். பிறகு, ஒரு குழுவுக்கு அவசரப்பட்டு விடையைச் சொன்னதையும் சொன்னேன். அதுவும் நடந்ததுதான்.

பரீட்சையில் சித்தியடைந்துவிட்டேன் என்றார்கள். வெளியே துணை ஆசிரியை மேற்சட்டையைப் போட்டபடி நின்றிருந்தார். அவருடைய வேலை நேரம் எப்போதோ முடிந்திருந்தது. நன்றி சொல்லப் போய், அழுதேன்.

இப்போதும் வகுப்புக் கதவு திடீரென்று திறந்தால் பரீட்சகர்களோ என்று திரும்பிப் பார்க்கிறேன். ஆனால் அந்தப் பரீட்சைக்கு அடுத்த பாடத்தன்று கதவைத் திறந்தது, விடையை வெட்டித் திருத்திய அந்த மாணவி. பையைக்கூட இறக்காமல் கேட்டாள்:

“நாங்கள் பாஸா?”

“பாஸ்” என்றேன்.