கம்பி கட்டாத வாய்

பல் மருத்துவக் கல்லூரியின் பரிசோதனைக் கூடத்தில் எல்லோரும் 'லேப் அக்கா' என்று கூப்பிடுகிற அம்மாளுக்கு ஒரு பெருமை உண்டு. அந்தக் கட்டடத்திலேயே சுத்தமான வாய் அவருடையது. பல் வரிசைதான் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்.

பல்லுக்குக் கம்பி கட்டியவர்கள் வாயில் பாக்டீரியாவும் ஈஸ்ட் என்ற பூஞ்சையும் எவ்வளவு கூடுகின்றன என்று, அங்கே பாடம் நடத்தும் டாக்டரம்மா ஒருவர் ஆராய்ந்துகொண்டிருந்தார். நோயாளியின் பல்லிடுக்கைப் பஞ்சுக்குச்சியால் தடவி, அதைக் கிருமி வளர்க்கும் சின்னத் தட்டில் இழுத்து, உடம்புச் சூட்டில் இருக்கும் பெட்டிக்குள் வளர வைப்பது அக்காவின் வேலை. ஒப்பிட்டுப் பார்க்கக் கம்பியில்லாத வாய் ஒன்றும் வேண்டுமே. ஆள் தேடி அலைவானேன் என்று அக்கா ஒவ்வொரு முறையும் தன் வாயையே தடவிக் கொடுத்து வந்தார். அந்தத் தட்டில் பேருக்கு நாலு புள்ளி முளைக்கும், அவ்வளவுதான்.

நாற்பது தாண்டிய பிறகு அவருக்குப் பல்லை நேராக்கிக்கொள்ள ஆசை வந்தது.

"இந்த வயசுல யாருக்குக் காட்டப் போற?" என்றார் வீட்டுக்காரர்.

அந்தப் பேச்சுக்குப் பயந்தே, வெளியே தெரியாதபடி பல்லுக்குப் பின்பக்கம் கம்பி வைக்கும் டாக்டரைத் தேடிப் பிடித்துக் கட்டிக்கொண்டார். கல்லூரியில் மூச்சு விடவில்லை. பேச்சு குழறியதற்கு, நாக்கில் புண் என்று சொல்லிவைத்தார். தட்டுக்குத் தன் வாயைத் தடவுவதையும் நிறுத்தவில்லை. நிறுத்தினால் ஏன் என்று கேட்பார்களே. நம் வாயாவது கெடுவதாவது என்ற நினைப்பு வேறு.

கெட்டது. அக்காவின் தட்டில் ஈஸ்ட் வெண்ணெய்த் துளிகளாக மண்டிக் கிடந்தது. பாக்டீரியாவும் தன் பங்குக்குக் குறை வைக்கவில்லை.

"கம்பி இருந்தாலும் இல்லாட்டியும் ஒண்ணுதான் போலக்கா," என்றார் டாக்டரம்மா. "கம்பி கட்டினவங்க தனியா கவனிச்சுக்க வேணாம்னுதான் எழுதணும்."

அக்கா தட்டை மூடி வைத்தார். சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் ஊரில் கம்பி கட்டிய பிள்ளைகளுக்கெல்லாம் பல் போகும். இரண்டு வேளை சாப்பாடு இறங்கவில்லை. அதற்குக் கம்பியும் ஒரு காரணம்.

"மேடம், அது கம்பியில்லாத வாய் இல்ல. நான் கட்டியிருக்கேன்."

டாக்டரம்மா டார்ச் அடித்துப் பார்த்தார். திட்டு விழப்போகிறது என்று அக்கா கண்ணை மூடிக்கொண்டார்.

"கட்டறதுக்கு முந்தின தட்டுங்களோட படமெல்லாம் இருக்காக்கா?"

"இருக்கு மேடம்."

"ஒரே வாய்! கட்டறதுக்கு முன்னாடியும் இருக்கு, கட்டின பின்னாடியும் இருக்கு! இதைவிட என்ன வேணும்? பசங்களுக்கு இதத்தான் காட்டப் போறேன். பேரு போட மாட்டேன், பயப்படாதீங்க."

பேர் போடவில்லை. வகுப்பில் இரண்டு தட்டின் படத்தையும் சுவர் அளவுக்குப் போட்டார். கடைசி வரிசையில் அக்கா கல்லாய் உட்கார்ந்திருந்தார். இரண்டாவது படம் வந்ததும் வகுப்பே முகம் சுளித்தது. மாணவன் ஒருவன் எழுந்தான்.

"மேடம், அந்தம்மா பல்லே விளக்க மாட்டாங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவுக்குச் சுருக்கென்றது. டாக்டரம்மா பதில் சொல்வதற்குள் அக்காவே எழுந்துவிட்டார்.

"மூணு வேளையும் விளக்குறேன் தம்பி. விளக்கியும் இப்படி. நாளைக்கு உன்னை நம்பி வந்து உக்கார்றவங்ககிட்டயும் இப்படிக் கேட்டுறாத."

சொல்லிவிட்டு, எல்லோரும் பார்க்கட்டும் என்று வாயை ஆவென்று திறந்து காட்டினார்.