கஸ்தூரி கைக்கு ஒரு மடக்குக் கத்தி

கோதண்டத்தை நான் முதலில் பார்த்தது ஒரு சாப்பாட்டு இடைவேளையில். 1987ஆம் வருஷம். அம்பத்தூர் எஸ்டேட்டில், இரும்புச் சாமான்களைக் காய்ச்சிப் பதமேற்றிக் கொடுக்கும் கம்பெனி ஒன்றின் சோதனை அறையில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். வந்தவாசிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான்தான். வேதியியல். அப்பா அந்தப் பட்டத்துக்குக் கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டிவிட்டு, வருகிறவர்களிடமெல்லாம் "பையன் மெட்ராஸ்ல இரும்புக்கு வைத்தியம் பாக்கறான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

வாசலில் வந்து நின்றவருக்கு நாற்பது வயதிருக்கும். உலையடியில் நின்று நின்று முன்கை முடியெல்லாம் பொசுங்கி வழவழவென்று இருந்தது. கைக்குட்டையைப் பிரித்து மேசைமேல் வைத்தார். உள்ளே ஒரு மடக்குக் கத்தி. அலகு பாதியில் ஒடிந்திருந்தது.

"சார், இது எவ்ளோ கீதுன்னு பாத்து சொல்றீங்களா?"

கடினத்தைப் பார்க்க எங்களிடம் ஒரு மெஷின் உண்டு. வைர முனை ஒன்றைப் பாரம் வைத்து இரும்பில் அமுக்குவோம். முனை எவ்வளவு குறைவாக உள்ளே இறங்குகிறதோ, இரும்பு அவ்வளவு கெட்டி. முள் அறுபத்து நாலில் போய் நின்றது.

"அடேயப்பா! நல்ல அரம் இருக்கற கெட்டிண்ணே. யார் பண்ணது?"

"அரத்துலதான் சார் பண்ணேன். என் பொண்டாட்டிக்கு." கத்தியை மறுபடி கைக்குட்டையில் சுற்றினார். "அது கையத்தான் அறுத்துட்டுது."

அவர் மனைவி கஸ்தூரி கொரட்டூர் ஸ்டேஷன் வாசலில் மாங்காய், வெள்ளரி, கொய்யா விற்பவர். கூட்ட ரயிலில் கூடையோடு ஏறி இறங்குவதால் திறந்த கத்தி ஆகாது. மடக்கி இடுப்பில் செருகிக்கொள்கிற கத்திதான் தோது. புருஷன் உலைக்காரர் ஆயிற்றே என்று கேட்டிருக்கிறார். இவரும் ஆசை ஆசையாகப் பழைய அரம் ஒன்றைத் தேய்த்து, காய்ச்சி எண்ணெயில் முக்கி, கெட்டி குறைந்துவிடக் கூடாது என்று, ஒடியாமல் இருக்கக் காட்டுகிற மறுசூடும் சரியாகக் காட்டாமல் கொடுத்துவிட்டார். முற்றின மாங்கொட்டைக்குள் அலகை நுழைத்துத் திருகியபோது அது கண்ணாடி போலத் தெறித்தது. கட்டைவிரல் அடியில் நரம்பு அறுந்து, பெரியாஸ்பத்திரியில் தைத்தார்கள். அதற்கப்புறம் அந்த விரல் முழுதாக மடங்கவில்லை.

நான் அறை எடுத்துத் தங்கியிருந்தது கொரட்டூரில்தான் என்பதால் அன்று சாயங்காலமே கஸ்தூரி அக்காவைப் பார்த்தேன். கோதண்டம் அறிமுகம் செய்துவைத்தார்.

"நீதான் வைரம் வெச்சி அமுக்கற தம்பியா? ஒரு மோதரத்துக்கு ஆவுமா அது?" என்றார் அக்கா. சிரித்தபடியே மாங்காயை அறுத்தார். கடைவீதியில் வாங்கிய கத்தி. மதியத்துக்குள் மழுங்கிவிடுகிற ரகம். வெட்டவில்லை என்பதால் அழுத்த வேண்டியிருந்தது. அழுத்தும்போதெல்லாம் அவர் முகம் ஒரு பக்கமாகச் சுருங்கியது. மணிக்கட்டில் பழந்துணி சுற்றியிருந்தார்.

"இப்டியே போனா மழைக்காலத்துக்குள்ள கூடைய எறக்கி வெச்சிட வேண்டியதுதான்" என்றார் கோதண்டம் மெதுவாக. "நான் வேற ஒண்ணு பண்ணித் தரேன்னா கேக்க மாட்டேங்குது."

"யோவ், உன் உலைல பொரிச்சி எடுத்தது எனக்கு வாணாம். கம்பெனிக்காரனுக்கே பண்ணிக் குடு." குரலில் கோபம் இல்லை. ஆனால் கோதண்டம் நீட்டிய தண்ணீர்ச் செம்பை வாங்கிக்கொண்ட அக்கா, அவர் பக்கம் பார்க்கவில்லை.

கெட்டியாக இருந்தால் ஒடிகிறது, மெதுவாக இருந்தால் மழுங்குகிறது. இரண்டும் ஒரே இரும்பில் கூடிவராது. இதைப் பற்றியே நானும் கோதண்டமும் பல மதியம் பேசினோம். தச்சர்களின் இழைப்புளி அலகு அவருக்கு ஞாபகம் வந்தது. அதில் வெட்டுகிற முகத்தில் மட்டும் கெட்டி எஃகு, முதுகில் ஒடியாமல் வளைந்துகொடுக்கிற சாது இரும்பு. ஒரு பக்கம் மட்டும் எதற்கு, நடுவில் எஃகை வைத்து இரண்டு பக்கமும் சாது இரும்பால் போர்த்திவிட்டால் என்ன என்று கேட்டேன்.

"பூரணத்த வெச்சி மூடறாப்ல" என்றார். அன்றைக்குத்தான் அவர் சிரித்துப் பார்த்தேன்.

பக்கத்து ஷெட்டில் கரி உலையும் சம்மட்டியும் இருந்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே போய்விடுவோம். மூன்று பட்டைகளை அடுக்கி, ஒட்டிக்கொள்வதற்காக இடுக்கில் வெங்காரம் தூவி, பழுக்கக் காய்ச்சி அடிப்பார். முதலில் வந்ததெல்லாம் ஒட்டாமல் ஏடு ஏடாகப் பிரிந்தது. ஒருநாள் ஒட்டியது. அதைத் தேய்த்துப் பதமேற்றிக் கொண்டுவந்தபோது, அலகின் பக்கவாட்டை மெஷினில் வைத்தேன். முள் இருபதைக்கூடத் தொடவில்லை. அவர் முகம் செத்துப்போயிற்று. பிறகுதான் இருவருக்கும் உறைத்தது, நாங்கள் அமுக்கியது மேல் போர்வையை! பிடிக்குள் மறைகிற இடத்தில் கொஞ்சம் போர்வையைத் தேய்த்து எடுத்துவிட்டு அமுக்கினோம். அறுபத்தொன்று.

கஸ்தூரி அக்கா அந்தக் கத்தியை உடனே வாங்கவில்லை. சில நாள் கூடைக்குள் கிடந்தது. ஒருநாள் கடைக் கத்தியின் பிடி கழன்றுவிட, வேறு வழியில்லாமல் இதை எடுத்திருக்கிறார். "வழுக்கிகினு போவுது தம்பி, அழுத்தவே வாணாம்" என்று என்னிடம் சொன்னார். புருஷனிடம் சொல்லவில்லை.

அடுத்த வாரம் கோதண்டம் ஓடிவந்தார். கைக்குட்டையைப் பிரித்துக் கத்தியை மேசைமேல் வைத்தார். "தம்பி, விரிசல் உட்டுட்டுது. கஸ்தூரி தூக்கிப் போட்டுட்டுது. தெரிஞ்சே இன்னொரு வாட்டி குடுத்தியான்னு கேக்குது."

அலகின் நுனி முதல் அடி வரை, கூருக்குக் கொஞ்சம் மேலே, நெளிநெளியாக ஒரு கோடு. இரண்டு பக்கமும். கோட்டுக்குக் கீழே கறுப்பு, மேலே சாம்பல். லென்ஸை வைத்துப் பார்த்ததும் எனக்கு மூச்சு வந்தது. கல்லூரி ஆய்வகத்தில் அமிலம் ஊற்றி நாங்கள் பார்த்தது இதுதான்.

"விரிசல் இல்லண்ணே. மாங்காய்ப் புளிப்பு பட்டு உள்ள இருக்கற எஃகு கறுத்திருக்கு. மேல போர்வை வேற மாதிரி நிறம் மாறியிருக்கு. ரெண்டும் சேர்ற இடம்தான் இந்தக் கோடு."

"எனக்கு நீ சொன்னா போதும். கஸ்தூரிக்கு?"

இருவருமாக ஏரிக்கரையில் இருந்த அவர் வீட்டுக்குப் போனோம். நான் அமிலத்தைப் பற்றிச் சொன்னதை அக்கா பொறுமையாகக் கேட்டார். "நீ படிச்சவன் தம்பி, பொய் சொல்ல மாட்ட. ஆனா இந்தக் கைக்கு பயமா கீதே. அதுக்கு இன்னா பண்ண சொல்ற?" என்று உள்ளங்கையை விரித்துக் காட்டினார்.

கோதண்டம் கத்தியை எடுத்துக்கொண்டு வீட்டுப் பின்புறம் போனார்; நாங்களும் போனோம். அங்கே ஒரு பலகையில், இரும்பைக் கவ்வி இறுக்குகிற வைஸ் ஒன்றைப் பொருத்தியிருந்தார். கத்தியை அதில் நட்டுக்குத்தலாக வைத்து இறுக்கினார். அலகின் மேல் ஒரு இரும்புக் குழாயைச் செருகினார்.

"அண்ணே, போயிடும்ணே. எத்தன ஞாயித்துக்கிழமை வேலை!"

"போவட்டும்."

மேலே ஒரு சாக்கைப் போர்த்திவிட்டுக் குழாயை இழுத்தார். 'டிக்' என்று உள்ளே ஒரு சத்தம். அக்கா கண்ணை மூடிக்கொண்டார். கோதண்டம் விடாமல் இன்னும் இழுத்தார். பிறகு சாக்கை எடுத்தார்.

அலகு கொக்கி மாதிரி வளைந்திருந்தது. நடு எஃகு கூரில் ஓரிடத்தில் பிளந்திருந்தது. ஆனால் ஒரு துண்டும் தெறிக்கவில்லை; சாது இரும்பு இரண்டு பக்கமும் அதைக் கவ்விப் பிடித்திருந்தது.

அக்கா கிட்டே வந்து, மடங்காத அந்தக் கட்டைவிரலால் வளைவைத் தடவிப் பார்த்தார்.

"உள்ள ஒடிஞ்சிட்டுதா?"

"ஒடிஞ்சிட்டுது. வெளிய உடல."

ரொம்ப நேரம் தடவிக்கொண்டிருந்தார். பிறகு முதல் தடவையாகக் கோதண்டத்தின் முகத்தை நேராகப் பார்த்தார்.

"பைத்தியக்காரா. நல்லா அறுத்துகினு இருந்த கத்திய இப்டியா கோணலாக்குவ? நாளைக்கு நான் இன்னாத்த வெச்சி யாவாரம் பண்றது?"

"வேற பண்றேன்."

"பண்ணு. பிடிய மட்டும் கொஞ்சம் தடியா வையி. எனக்கு வெரல் மடங்காதுன்னு தெரியும் இல்ல?"

கோதண்டம் தலையை ஆட்டிவிட்டு, வைஸைக் கழற்றுகிற சாக்கில் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் ஏரிப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இது நடந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. இப்போது அவர்கள் திருநின்றவூரில் சின்னதாக ஒரு வீடு கட்டிக்கொண்டு இருக்கிறார்கள். காலையில் இருவரும் ஒரே ரயிலில் வருகிறார்கள். கோதண்டம் அம்பத்தூரில் இறங்கி அதே கம்பெனிக்கு நடக்கிறார். கஸ்தூரி அக்கா கொரட்டூரில் இறங்கி, அதே ஸ்டேஷன் வாசலில் கூடையை இறக்கிவிட்டு, இடுப்பிலிருந்து தடிப் பிடி போட்ட மடக்குக் கத்தியை எடுக்கிறார்.